டிஎன்ஏவின் எழுத்துக் கலவையும் பாக்டீரியாவின் கதிர்வீச்சு உணர்திறனும்: எண்ணி, கணக்கிட்டு, சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சூடோமோனாஸ் ஏருஜினோசா, டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்று இரண்டு பாக்டீரியாக்கள். டிஎன்ஏ அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. இரண்டின் ஜீனோமையும், அதாவது முழு டிஎன்ஏவையும், எழுத்தெழுத்தாக எண்ணினால், குவானினும் சைட்டோசினும் சேர்ந்து (இதுதான் ஜிசி விகிதம்) இரண்டிலும் சுமார் 66.6% வரும். ஆனால் காமா கதிர் முன்னால் வைத்துப் பாருங்கள். முதலாவது சில நூறு கிரேயிலேயே (கிரே என்பது உறிஞ்சப்பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொத்துக் கொத்தாக மடிந்துவிடும். இரண்டாவது 5,000 கிரே வாங்கிய பிறகும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் டிஎன்ஏ கலவைக்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பே இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஜிசி விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு "இது தாங்கும், இது தாங்காது" என்று ஜோசியம் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. எழுத்துக் கலவை தீர்மானிப்பது காயம் எங்கே விழும், எந்த வகைக் காயமாக விழும் என்பதை. அந்தக் காயத்தோடு செல் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பழுதுபார்க்கும் நொதிகளும் செல்லின் அப்போதைய நிலையும். கலவையின் பங்கை மட்டும் பார்க்க வேண்டுமானால் மற்ற இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் படி: எந்தக் கதிர் என்று முடிவு செய்யுங்கள்

"கதிர்வீச்சு" என்று பொதுவாகப் பேசினால் இந்த விஷயத்தில் எதுவும் புரியாது. புற ஊதாக் கதிருக்கும் எக்ஸ் கதிர், காமா கதிர் போன்ற அயனியாக்கும் கதிர்களுக்கும் டிஎன்ஏவை அணுகும் வழியே வேறு.

பாதரச விளக்கு தரும் 254 நானோமீட்டர் புற ஊதாவை டிஎன்ஏவின் காரங்களே, அதாவது அந்த நான்கு எழுத்துகளே, நேரடியாக உறிஞ்சுகின்றன. ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிரிமிடின்கள், அதாவது தைமினோ சைட்டோசினோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இப்படி உருவாகும் ஜோடிக்குப் பெயர் டைமர். தைமினுக்குப் பக்கத்தில் தைமின் இருந்தால் டைமர் மிக எளிதாக உருவாகும். சைட்டோசின்–சைட்டோசின் ஜோடியில் அது மிகக் குறைவு. டைமர் இருக்கும் இடத்தில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி முட்டி நின்றுவிடும்.

அயனியாக்கும் கதிருக்கு இப்படிப்பட்ட தேர்வு கிடையாது. வழியில் இருக்கும் எதிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கும். செல்லில் அதிகம் இருப்பது தண்ணீர் என்பதால் தண்ணீர் உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (ஜோடி சேராத எலக்ட்ரான் கொண்ட, எதையும் எளிதில் தாக்கும் துகள்கள்) பிறக்கின்றன. அவை டிஎன்ஏவின் சர்க்கரையையும் காரங்களையும் தாக்குகின்றன. இங்கே கலவை உள்ளே நுழைவது குவானின் வழியாக. நான்கு காரங்களில் எலக்ட்ரானை மிக எளிதாக இழப்பது அதுதான். வேறொரு காரத்தில் எலக்ட்ரான் பறிபோனாலும், அந்த வெற்றிடம் இழை வழியாக நகர்ந்து கடைசியில் ஒரு குவானினில் வந்து நிற்பதுண்டு. குறிப்பாக, இரண்டு குவானின்கள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில்.

ஆகவே எதிர்பார்ப்பு இரு திசைகளில் பிரிகிறது. அடினின்–தைமின் மிகுந்த ஜீனோம் புற ஊதாவுக்கு எளிதில் இலக்காகும். ஜிசி மிகுந்த ஜீனோம் எக்ஸ் கதிருக்கு எளிதில் இலக்காகும். 1962ல் கப்லன், ஸவரீன் இருவரும் பல பாக்டீரியாக்களை ஒப்பிட்டு, ஜிசி கூடக் கூட எக்ஸ் கதிர் உணர்திறன் கூடுவதாகக் காட்டினார்கள். 1970ல் சிங்கர், ஏம்ஸ் இருவரும் மறுபக்கத்தை எடுத்தார்கள்: வெயில் படும் இடங்களில் வாழும் பாக்டீரியாக்களில் ஜிசி அதிகமாக இருப்பது, தைமின் டைமரிலிருந்து தப்புவதற்கான இயற்கைத் தேர்வாக இருக்கலாம் என்றார்கள். இரண்டுமே அழகான கருத்துகள்தான். ஆனால் பல இனங்களை வரிசையில் நிறுத்தி ஒப்பிடும்போது கலவை மட்டுமா மாறுகிறது? பழுதுபார்ப்பு, செல் சுவர், நிறமி, வாழும் சூழல் எல்லாமே கூடவே மாறுகின்றன. இந்தச் சிக்கல் கடைசிப் படி வரை நம்மோடு வரும்.

இரண்டாம் படி: எழுத்துகளை எண்ணுங்கள், சரியாக எண்ணுங்கள்

பாக்டீரியா உலகில் ஜிசி விகிதம் வியக்கும்படி விரிந்து கிடக்கிறது. பூச்சியின் உடலுக்குள் வாழும் கார்சோனெல்லா ருட்டியில் சுமார் 16.5%. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸில் 28.6%, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸில் சுமார் 33%, ஈ.கோலை கே-12ல் 50.8%, மைக்ரோகாக்கஸ் லூட்டியஸில் சுமார் 73%.

உங்கள் பாக்டீரியாவின் முழு வரிசையை ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ) இருந்தால் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். டெய்னோகாக்கஸில் இரண்டு குரோமோசோம்களும் இரண்டு பிளாஸ்மிட்களும் உண்டு.

ஜிசி விகிதம் முதல் எண். ஆனால் டைமர் உருவாவது இரட்டை எழுத்துகளில் என்பதால் எண்ண வேண்டியது அவற்றைத்தான். இங்கே பலரும் தடுக்கி விழும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, பைத்தான் மொழியில் இருக்கும் சாதாரண எண்ணும் கட்டளை ஒன்றன்மேல் ஒன்று படியும் ஜோடிகளைத் தவறவிடும். மூன்று தைமின் தொடர்ந்து நின்றால் அதில் இரண்டு ஜோடிகள் உண்டு, அந்தக் கட்டளையோ ஒன்று என்றே சொல்லும். எனவே ஓர் எழுத்தாக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் ஜோடியைப் பார்த்து எண்ணுங்கள். மற்றொன்று, தரவுத்தளம் தருவது ஓர் இழையை மட்டும். எதிர் இழையிலும் டைமர் உருவாகும். அதற்காக எதிர் இழையைத் தனியாக எழுத வேண்டியதில்லை. தைமின்–தைமின் எண்ணிக்கையோடு அடினின்–அடினினைக் கூட்டுங்கள். தைமின்–சைட்டோசினோடு குவானின்–அடினின், சைட்டோசின்–தைமினோடு அடினின்–குவானின், சைட்டோசின்–சைட்டோசினோடு குவானின்–குவானின். அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு முன்பே என்ன வரும் என்று மதிப்பிட்டுப் பாருங்கள். எழுத்துகள் தற்செயலாகக் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஜிசி 30% என்றால் தைமினின் பங்கு 0.35. தைமின்–தைமின் ஜோடியின் பங்கு 0.35 பெருக்கல் 0.35, அதாவது 12.25%. சைட்டோசின்–சைட்டோசின் 2.25%. கலப்பு ஜோடிகள் இரண்டும் தலா 5.25%. ஜிசி 70% என்றால் அப்படியே தலைகீழ்: தைமின்–தைமின் 2.25%, சைட்டோசின்–சைட்டோசின் 12.25%, கலப்பு ஜோடிகள் அதே 5.25%.

இப்போது இரண்டு பட்டியலையும் கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் 25%. இதை முதல் முறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்று நிற்பதால், இரண்டு இழைகளையும் சேர்த்துப் பார்த்தால் பிரிமிடின் எப்போதும் பாதி. பாதியில் பாதி கால். ஜிசி என்னவாக இருந்தாலும் டைமர் உருவாகக்கூடிய இடங்களின் மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறுவதில்லை. அந்த இடங்கள் எந்த வகை என்பதுதான் மாறுகிறது. "ஜிசி கூடினால் டைமர் இடங்கள் குறையும்" என்று சொல்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

ஈ.கோலைக்குப் போட்டுப் பார்ப்போம். அதன் ஜீனோம் சுமார் 46.4 லட்சம் கார இணைகள் (எதிரெதிர் இழைகளில் நேருக்கு நேர் நிற்கும் எழுத்துகள்). இரண்டு இழைகளிலும் சேர்த்து 92.8 லட்சம் இடங்கள். அதில் கால் பங்கு, சுமார் 23 லட்சம் இடங்களில் டைமர் உருவாக வாய்ப்புண்டு. தைமின்–தைமின் மட்டும் சுமார் 5.6 லட்சம். உண்மையில் எண்ணும்போது இதிலிருந்து கொஞ்சம் விலகி வரும். ஏனென்றால் எந்த ஜீனோமும் தற்செயலான கலவை அல்ல. அந்த விலகலையும் குறித்து வையுங்கள், ஒரே ஜிசி கொண்ட இரண்டு இனங்கள் வேறுபடுவது அங்கேதான்.

மூன்றாம் படி: எண்ணிக்கையைக் காயமாக மாற்றிப் பாருங்கள்

புற ஊதாவுக்கு வருவோம். 30% ஜிசியிலிருந்து 70%க்குப் போகும்போது தைமின்–தைமின் இடங்கள் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகின்றன. டைமர் மிக எளிதாக உருவாகும் இடங்கள் அவைதான். எனவே ஜிசி மிகுந்த பாக்டீரியாவுக்கு இது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மீதமிருக்கும் டைமர்களில் சைட்டோசின் இருக்கிறது. டைமருக்குள் மாட்டிக்கொண்ட சைட்டோசின் தன் அமினோ குழுவை வேகமாக இழந்து யுராசிலாக மாறும். அதை நகலெடுக்கும்போது சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். புற ஊதா விட்டுச்செல்லும் கைரேகை என்று சொல்லத்தக்க மரபு மாற்றம் இது. 28% முதல் 72% வரை ஜிசி கொண்ட பாக்டீரியாக்களின் டிஎன்ஏவை அளந்து 2008ல் வெளியான ஆய்வு இதையே காட்டியது: ஜிசி ஏற ஏற, சைட்டோசின் கொண்ட காயங்கள் மேலோங்கின. தைமின்–தைமின் டைமர் சிறுபான்மை ஆகிவிட்டது. ஆக, உங்கள் கேள்வி "செத்துவிடுமா" என்பதா, "மரபு மாற்றம் அடையுமா" என்பதா என்று இந்த இடத்தில் தெளிவாகிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை வராது.

அயனியாக்கும் கதிருக்கு வேறு கணக்கு. ஒவ்வொரு ஜிசி இணையிலும் ஒரு குவானின் உண்டு. எனவே 100 இணைக்கு எத்தனை குவானின் என்றால், ஜிசி சதவீதமே விடை. 30%ல் 30, 70%ல் 70. குவானின் ஆக்சிஜனேற்றம் அடைந்து 8-ஆக்சோகுவானின் ஆகும். அது அடினினோடு தவறாக ஜோடி சேர்ந்து மரபு மாற்றத்தைத் தரும். ஆனால் செல்லைக் கொல்வதில் முன்னணியில் இருப்பது இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவது. சர்க்கரை–பாஸ்பேட் சட்டம் அறுவதற்கு எந்த எழுத்து என்பது பெரிதல்ல, ஜீனோமின் நீளமே பெரிது.

அப்படியானால் குவானின் காயம் எப்படி உயிரைப் பறிக்கும்? காயங்கள் நெருக்கமாக விழுந்தால் பறிக்கும். எதிரெதிர் இழைகளில், சில எழுத்துகள் தள்ளி, இரண்டு காரங்கள் கெட்டுப்போயிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் நொதி வந்து இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் இரண்டு இழைகளும் அறுந்துவிடும். 2001ல் பிளெய்ஸ்டெல், வாலஸ் இருவரும் ஈ.கோலையில் இதைக் காட்டினார்கள். கெட்டுப்போன காரங்களை வெட்டும் நொதிகள் இல்லாத ஈ.கோலை, அயனியாக்கும் கதிரை இயல்பான ஈ.கோலையைவிட நன்றாகவே தாங்கியது. பழுதுபார்ப்பே காயத்தைக் கொலையாக்கும் இடம் இது. மொத்த விஷயத்திலும் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆய்வு இதுதான்.

நான்காம் படி: ஜீனோமின் நீளம், நகல்களின் எண்ணிக்கை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெரிய இலக்கில் அதிக அடி விழும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் ஜீனோம் சுமார் 62.6 லட்சம் இணைகள், டெய்னோகாக்கஸுடையது 32.8 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். தாங்குதிறனில் இருக்கும் பல பத்து மடங்கு வித்தியாசத்தை இது விளக்காது. ஆனாலும் வேறு இரண்டு இனங்களை நீங்கள் ஒப்பிடும்போது, முதலில் நீளத்தால் வகுத்து, ஒரு லட்சம் இணைக்கு இத்தனை காயம் என்று ஆக்கிவிட்டுத்தான் கலவையைப் பற்றிப் பேச வேண்டும். நகல்களையும் பாருங்கள். டெய்னோகாக்கஸ் செல் ஒவ்வொன்றிலும் ஜீனோமின் 4 முதல் 10 நகல்கள் வரை இருக்கும். ஒன்றில் அறுந்த இடத்துக்கு இன்னொன்று மாதிரியாக உதவும்.

ஐந்தாம் படி: பழுதுபார்க்கும் பட்டறையைச் சரிபாருங்கள்

ஜீனோமில் தேட வேண்டிய மரபணுக்கள் இவை. டைமரை வெளிச்சத்தின் உதவியோடு பிரித்துவிடும் ஃபோட்டோலயேஸ். டைமர் இருக்கும் துண்டையே வெட்டி எடுக்கும் யூவிஆர்-ஏ, பி, சி. அறுந்த இழைகளை இணைப்பதில் நடுநாயகமாக நிற்கும் ரெக்-ஏ. 8-ஆக்சோகுவானினைக் கவனிக்கும் மியூட்-எம், மியூட்-ஒய், மியூட்-டி.

இவற்றின் எடை எவ்வளவு என்று புரிய ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். யூவிஆர்-ஏ, ரெக்-ஏ இரண்டும் இல்லாத ஈ.கோலைக்கு ஜீனோம் முழுவதிலும் ஒன்றிரண்டு டைமர் விழுந்தாலே மரணம். இயல்பான ஈ.கோலையோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட டைமர்களைத் தாங்கி நிற்கும். எழுத்துக் கலவை இரண்டிலும் ஒன்றுதான்.

டெய்னோகாக்கஸின் கதையும் இங்கேதான் வருகிறது. 1956ல் ஆர்தர் ஆண்டர்சன் குழுவினர், கதிர்வீச்சால் கிருமி நீக்கம் செய்த இறைச்சி டப்பாவில் இதைக் கண்டுபிடித்தார்கள். 10 கிலோகிரே அளவில் அதன் ஜீனோம் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறும். காயம் மற்ற பாக்டீரியாக்களைப் போலவே விழுகிறது, அதை மறுபடி ஒட்டவைப்பதில்தான் அதன் திறமை. 2004ல் மைக்கேல் டேலி குழுவினர், அதன் செல்லுக்குள் இரும்போடு ஒப்பிடும்போது மாங்கனீசு மிக அதிகம் என்று காட்டினார்கள். மாங்கனீசுச் சேர்மங்கள் புரதங்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கின்றன. பழுதுபார்க்கும் நொதிகளும் புரதங்கள்தானே, அவை பிழைத்தால்தான் டிஎன்ஏவும் பிழைக்கும்.

ஆறாம் படி: செல் எந்த நிலையில் இருக்கிறது?

பேசில்லஸ் சப்டிலிஸின் ஜிசி சுமார் 43.5%. வளரும் செல்லிலும் ஸ்போரிலும் (கடினமான சூழலைத் தாங்க அது எடுக்கும் உறங்கும் வடிவம்) எழுத்துகள் ஒன்றே. ஆனால் ஸ்போருக்குள் சிறிய புரதங்கள் டிஎன்ஏவைப் போர்த்தி அதன் வடிவத்தையே மாற்றிவிடுகின்றன. அதனால் புற ஊதா பட்டால் வழக்கமான டைமருக்குப் பதில் வேறொரு வகைத் தைமின் இணைப்பு உருவாகிறது. ஸ்போர் முளைக்கும்போது அதைப் பிரித்துவிடத் தனி நொதியே உண்டு. ஒரே வரிசை, ஒரே கதிர், ஆனால் வேறு காயம். அதனால் எண்ணிய எண்கள் எந்த நிலைக்குப் பொருந்தும் என்று எழுதாமல் விடக் கூடாது.

காமா கதிருக்கு ஆக்சிஜனும் தண்ணீரும் முக்கியம். ஆக்சிஜன் இருக்கும்போது உணர்திறன் பொதுவாக 2.5 முதல் 3 மடங்கு வரை கூடும். உலர்ந்த செல்லிலும் உறைந்த செல்லிலும் தண்ணீர்வழிக் காயங்கள் குறையும். வளர்ச்சி நின்ற செல்களும் வேகமாக வளரும் செல்களும் வேறு வேறு விடை தரும். ஒப்பிடும் எல்லா இனங்களுக்கும் இவற்றை ஒரே மாதிரி வைக்காவிட்டால், கலவையின் விளைவு என்று நீங்கள் நினைப்பது வெறும் ஆக்சிஜனின் விளைவாக இருக்கலாம்.

ஏழாம் படி: பிழைப்பு வரைகோட்டை வரையுங்கள்

புற ஊதா சோதனைக்கு, செல்களை ஊட்ட ஊடகத்திலிருந்து கழுவி உப்புக் கரைசலில் மிதக்க விடுங்கள். ஊடகமே புற ஊதாவை விழுங்கிவிடும். கலங்கலாக இல்லாமல், மெல்லிய படலமாக, கலக்கிக்கொண்டே கதிர் காட்டுங்கள். விளக்கின் வீச்சை மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 0.5 வாட் என்றால் 20 வினாடியில் 10 ஜூல். மைக்ரோகாக்கஸ் போல நான்கு நான்காக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களைப் பிரிக்காமல் எண்ணினால், நான்கில் ஒன்று பிழைத்தாலும் ஒரு காலனி (செல்கள் பெருகித் தட்டில் கண்ணுக்குத் தெரியும் திட்டு) வரும். அந்தப் பாக்டீரியா உண்மையைவிடத் தாங்குதிறன் மிக்கதாகத் தெரியும். கண்ணையும் தோலையும் மூடிக்கொள்வதில் சமரசம் வேண்டாம். காமா, எக்ஸ் கதிர்ச் சோதனைகளை அதற்கான உரிமமும் பயிற்சியும் உள்ள கூடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

கதிர் காட்டிய பிறகு வெளிச்சத்தைத் தவிர்ப்பது மிக முக்கியம். 1949ல் ஆல்பர்ட் கெல்னர் கண்டுபிடித்ததே இதைத்தான்: புற ஊதா பட்டுச் சாகவேண்டிய செல்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் வைத்தால் மீண்டுவிட்டன. நான் முதன்முதலில் வரைந்த வரைகோடு ஏறி இறங்கிக் கோணல்மாணலாக வந்தது. காரணம், சில தட்டுகளை ஜன்னல் பக்கம் வைத்திருந்தேன். மங்கிய மஞ்சள் அல்லது சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்து, தட்டுகளை இருட்டில் வளர விடுங்கள்.

காலனிகளை எண்ணியதும், செல்கள் பத்தில் ஒன்றாகக் குறையத் தேவைப்படும் அளவைக் கணக்கிடுங்கள். இதற்கு டி-10 என்று பெயர். 600 கிரேயில் 10 கோடி செல்கள் 1 லட்சமாகக் குறைந்தால், அது மூன்று பத்தின் அடுக்குகள். 600ஐ மூன்றால் வகுத்தால் டி-10 என்பது 200 கிரே. ஆனால் வரைகோட்டின் தொடக்கம் தோள் போலத் தட்டையாக இருந்தால் இந்த நேர்வகுத்தல் செல்லாது. தோள் என்பது பழுதுபார்ப்பு காயங்களுக்கு ஈடுகொடுக்கும் பகுதி. அது முடிந்து நேர்கோடாக இறங்கும் பகுதியின் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளின் அகலத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பழுதுபார்ப்பை அப்படியே வைத்து, கலவையை மட்டும் மாற்றுங்கள்

இதுவரை செய்தவற்றில் எல்லாம் இனத்துக்கு இனம் பட்டறை மாறுகிறது என்ற குறை இருந்தது. அதைச் சமாளிக்க ஒரு வழி, ஒப்பிடும் ஒவ்வோர் இனத்திலும் பழுதுபார்ப்பு இழந்த விகாரிகளை, அதாவது அந்த மரபணுக்கள் கெட்டுப்போன வகைகளை, எடுத்துக்கொள்வது. பட்டறை இல்லாத இடத்தில் காயத்தின் எண்ணிக்கையே நேராகத் தெரியும்.

இன்னும் நேர்த்தியான வழி ஒன்று 1960களின் தொடக்கத்திலேயே கையாளப்பட்டது. தைமினைத் தானாகத் தயாரிக்க முடியாத ஈ.கோலைக்கு, தைமினுக்குப் பதிலாக 5-புரோமோயுராசில் கொடுத்தார்கள். தைமினில் ஒரு மெத்தில் குழு இருக்கும் இடத்தில் இதில் ஒரு புரோமின் அணு இருக்கிறது. இரண்டின் பருமனும் ஏறக்குறைய ஒன்று என்பதால் செல் ஏமாந்து அதையே டிஎன்ஏவில் கோத்துவிடும். ஜிசி விகிதம் மாறவில்லை, மரபணுக்கள் மாறவில்லை, நொதிகள் மாறவில்லை. ஆனால் அந்தச் செல்கள் எக்ஸ் கதிருக்கும் புற ஊதாவுக்கும் தெளிவாகவே அதிக உணர்திறன் காட்டின. தண்ணீரில் பிறக்கும் எலக்ட்ரானைப் புரோமின் உள்ள காரம் பிடித்துக்கொண்டு புரோமைடை உதறுகிறது. மிஞ்சும் தனி உறுப்பு, பக்கத்துச் சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது, இழை அறுகிறது. எழுத்துக் கலவைக்கும் உணர்திறனுக்கும் இடையிலான காரணத் தொடர்பை இதைவிட நேராகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை.

செய்து பார்ப்பதானால் புரோமோயுராசிலைச் சில தலைமுறைகளுக்கு மட்டும் கொடுங்கள். அதுவே நச்சுத்தன்மை உடையது, மரபு மாற்றமும் தரும். கதிர் காட்டாத கட்டுப்பாட்டுத் தட்டுகளை இரு பக்கமும் வையுங்கள். சாதாரணக் குழல் விளக்கே இந்தச் செல்களைக் காயப்படுத்தும் என்பதால் இருட்டு இங்கே இன்னும் கட்டாயம். அப்புறம், அதே செல்களில் ஒரு பகுதியைத் தைமின் உள்ள ஊடகத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் கொஞ்சம் எடுத்து டி-10ஐ அளந்துகொண்டே வாருங்கள். ஒவ்வொரு நகலெடுப்பிலும் புதிய இழை தைமினால் ஆனது, எனவே ஐந்து பிரிவுகளுக்குப் பிறகு 32 இழைகளில் ஒன்றுதான் பழையது. வரைகோடு படிப்படியாக இயல்பான ஈ.கோலையின் வரைகோட்டை நோக்கி நகர்ந்தால், நீங்கள் அளந்தது எழுத்துக் கலவையின் விளைவைத்தான்.